மேனிக்கேற்ற எண்ணெய்: தென்னார்க்காட்டு வழக்கும் மருத்துவ நூல் வழக்கும்

முகத்தின் தோலை வறண்டது, எண்ணெய்ப் பசை மிக்கது, இரண்டும் கலந்தது, எளிதிற் புண்படுவது என நால்வகையாகப் பகுத்து, அவ்வவற்றிற்கு ஏற்ற வித்தெண்ணெய் இன்னதென வரையறுத்துக் கூறும் வழக்கு இந்நாளில் எங்கும் பரவியுள்ளது. வறண்ட முகத்திற்கு நல்லெண்ணெய், பசை மிக்க முகத்திற்கு வேப்பெண்ணெய், மென்முகத்திற்குத் தேங்காயெண்ணெய் என்றாற்போலப் பட்டியல்கள் பல வழங்குகின்றன. இவ்வகுப்பு நம் முன்னோர் கண்டது என்றும், சித்தர் நூல்களில் அங்ஙனமே விதிக்கப்பட்டது என்றும் உடன் கூறப்படுகின்றது. இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு யாம் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களை நடுவாகக் கொண்ட பழைய தென்னார்க்காட்டு நிலப்பகுதியைக் களமாகக் கொண்டோம். எள்ளும் ஆமணக்கும் தொன்றுதொட்டு விளைந்த நிலம் இது. பிற்காலத்தே நிலக்கடலை தன் பெயரையும் ஆட்சியையும் நிலைநாட்டிய நிலமும் இதுவே. தமிழ்நாட்டில் எண்ணெயின் வரலாற்றை ஆராய்வார்க்கு இதனினும் ஏற்ற களம் வேறு காண்டலரிது.

சொல் தரும் சான்று

முதற்கண் சொல்லை நோக்குவோம். எண்ணெய் என்பது எள் என்பதும் நெய் என்பதும் புணர்ந்து ஆகிய சொல். எள்ளினின்றும் பெறப்பட்ட நெய் என்பதே அதன் முதற்பொருள். பின்னர் அச்சொல் பொதுப்பெயராய் விரிந்து, தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், புன்னையெண்ணெய், இலுப்பையெண்ணெய் என எள்ளொடு தொடர்பில்லாதனவற்றிற்கும் உரியதாயிற்று. பெயர் பொதுவாகிய பின்னர், எள்ளின் நெய்யைத் தனித்துச் சுட்ட வேறொரு பெயர் வேண்டப்பட்டது. அதற்கு மக்கள் இட்ட பெயர் நல்லெண்ணெய் என்பது. பல எண்ணெய்களையும் ஒப்புநோக்கி, அவற்றுள் இதுவே நல்லது எனத் துணிந்தமைக்கு அப்பெயரே சான்று. எனவே எண்ணெய்களை ஒப்பிடுதல் தமிழர்க்குப் புதியதன்று.

இவ்வாறு சிறப்புப்பெயர் பொதுப்பெயராதல் தமிழில் மட்டும் நிகழ்ந்ததன்று. தெலுங்கில் எள்ளைக் குறிக்கும் நுவ்வு என்னும் சொல்லினின்றே நூனெ என்னும் பொதுப்பெயர் தோன்றியது. வடமொழியில் எள்ளைக் குறிக்கும் திலம் என்பதினின்றும் தைலம் பிறந்தது. மேலைநாட்டில் ஒலிவ மரத்தின் கிரேக்கப் பெயரினின்றும் இலத்தீன் வழியாக ஆயில் என்னும் ஆங்கிலச் சொல் வந்தது. எந்நாட்டில் எவ்வித்து முதற்கண் பிழியப்பட்டதோ, அதுவே அந்நாட்டின் எண்ணெய்க்கெல்லாம் பெயர் தந்தது. இந்திய நாட்டில் அவ்விடம் எள்ளினுடையது என்பதில் ஐயமில்லை.

ஆமணக்கெண்ணெய் மட்டும் விளக்கெண்ணெய் எனப் பயனாற் பெயர் பெற்றது. உண்பதற்கன்றி எரிப்பதற்கு உரியது எனப் பெயர் கூறினும், அதனை உச்சியிலும் கண்ணிமையிலும் உள்ளங்காலிலும் குளிர்ச்சி கருதித் தேய்த்துக்கொள்ளும் வழக்கு இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் உண்டு. ஆமணக்கு விதையைச் செக்கிலிடாது, வறுத்து இடித்து நீரிலிட்டுக் கொதிப்பித்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் எடுத்தல் பழைய முறை. இது வீட்டளவில் பெண்டிர் செய்த தொழில். எள்ளோ செக்கினை வேண்டுவது. செக்கில் எள்ளை இட்டு ஆட்டுங்கால் கருப்பட்டி சேர்ப்பர். அது பிண்ணாக்கும் எண்ணெயும் பிரிதற்கு உதவும். ஆகவே நல்லெண்ணெய் வாணியர் தொழிலைச் சார்ந்து நின்றது. கல்வெட்டுப் பொறித்த கற்செக்குகள் தமிழ்நாட்டின் பல ஊர்களிற் கிடைத்துள்ளமையும், சோழர்காலக் கல்வெட்டுக்களில் சங்கரபாடியார் என்னும் எண்ணெய் வணிகர் குழுவினர் குறிக்கப்பெறுதலும் அத்தொழிலின் பரப்பைக் காட்டும்.

இலக்கியமும் கல்வெட்டும்

இனி இலக்கியச் சான்றினைக் காண்போம். நெய் என்னும் சொல் பழந்தமிழில் ஆவின் நெய்க்கும் வித்தின் நெய்க்கும் பொதுவாய் வழங்கியது. ஆதலின் நெய் என்னும் சொல் கண்டவிடமெல்லாம் எள்நெய் எனக் கொள்ளுதல் பொருந்தாது. நற்றிணையின் 40ஆம் பாட்டு மகவீன்ற தாயைக் கூறுங்கால், வெண்சிறுகடுகாகிய ஐயவியொடு கூடிய நெய்யாட்டினையும் அவள் மேனியிற் பூசிய பசுநெய்யினையும் சொல்கின்றது. இங்கு நெய் இன்னதெனப் புலவரே தெளிவுறுத்தினார். இத்தெளிவு இல்லாத இடங்களில் முடிபு கூறாது விடுதலே ஆய்வு நெறி.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், மாதவி நீராடுமுன் பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரும் மணநெய்யும் கூறப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவது அடியார்க்கு நல்லார் உரை. ஒப்பனைக் கலையின் நுட்பத்தை இதனினும் விரிவாகக் கூறுமிடம் பழந்தமிழிற் குறைவு. ஆயின் அந்நெய் பூசப்பட்டது கூந்தலுக்கு. எண்ணெய் கூந்தலுக்கும் உடம்பு முழுதிற்கும் உரியது. முகத்திற்கு உரியன சந்தனமும் சுண்ணமும் மஞ்சளும் போல்வன என்னும் பகுப்பே இலக்கியத்திற் பெரிதும் புலனாகின்றது.

கல்வெட்டுள் ஒன்று இங்குக் கருதற்பாலது. திண்டிவனத்திற்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்து உள்ளது திருமுக்கூடல். அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திரன் காலத்து, ஏறத்தாழ 1068ஆம் ஆண்டைச் சார்ந்த நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஆங்கிருந்த கல்லூரியினையும், 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் மருத்துவ சாலையினையும் அது விவரிக்கின்றது. ஆண்டுதோறும் அங்குச் சேமிக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் பலாகேரண்ட தைலம், பஞ்சாக தைலம், லசுநாத்யேரண்ட தைலம், உத்தம கர்ணாதி தைலம் என்பன உள. இவற்றுள் இரண்டின் பெயரில் ஏரண்டம் என்னும் ஆமணக்கு வெளிப்படையாக நிற்கின்றது. மாணவர்க்குச் சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வழங்க ஏற்பாடு இருந்ததையும் அக்கல்வெட்டே உரைக்கின்றது. சனி நீராட்டு என்னும் வழக்கு பதினோராம் நூற்றாண்டில் ஒரு நிறுவனத்தின் ஒழுங்காகவே நின்றது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் இங்கும் எண்ணெய் தலைக்கும் நோய்க்குமே உரியதாயிற்று. முகத்தின் தன்மை பற்றிய பேச்சு யாண்டும் இல்லை.

மருத்துவ நூல் வழக்கு

இனி மருத்துவ நூல்களைக் காண்போம். சித்த மருத்துவம் உடலை வளி, அழல், ஐயம் என்னும் முக்குற்றங்களின் மிகுதி குறைவுகளாற் பகுப்பது. வளியுடல் வறட்சியும், அழலுடல் வெம்மையும், ஐயவுடல் நெய்ப்பும் குளிர்ச்சியும் உடையன என்பர். வறண்ட தோல், எளிதிற் சிவக்குந் தோல், பசை மிக்க தோல் என்னும் இன்றைய பகுப்போடு இஃது ஒத்ததாகத் தோன்றும். இவ்வொப்புமையே சித்தர் நூல்களில் முகத்தோல் வகுப்பு உண்டு என்னும் கூற்றிற்கு அடிப்படையாகலாம்.

ஆயின் ஒப்புமை வேறு, ஒருமை வேறு. இரண்டிற்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உள. முதலாவது, முக்குற்றப் பகுப்பு ஆள் முழுதும் பற்றியது. முகம் என்னும் ஓர் உறுப்பைப் பற்றியதன்று. நாடியும் நாவும் பசியும் உறக்கமும் நோக்கியே மருத்துவர் அதனைத் துணிவர். கன்னத்தைத் தொட்டுப் பார்த்து அன்று. இரண்டாவது, அப்பகுப்பு நிலையானதன்று. பருவத்தாலும் அகவையாலும் உணவாலும் மாறுவது. ஆதலின் ஒருவர்க்கு ஓர் எண்ணெய் என்றும் உரியது எனல் அந்நெறிக்கு ஒவ்வாது. மூன்றாவதே தலையாயது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கை விதித்து, அம்முழுக்கிற்கு வெந்நீரையும் விதிக்கின்றது. வழக்கில் அதனோடு சீயக்காயும் அரப்பும் சேரும். அஃதாவது எண்ணெய் பூசிக் களையப்படுவது. இரவில் முகத்திற் பூசி விடியுமளவும் விட்டுவைப்பது இவ்விதியினின்றும் முற்றிலும் வேறாயதொரு செயல்.

மாறாகக் காட்டப்படும் சான்றினையும் மறைத்தல் கூடாது. வடமொழி மருத்துவ நூல்களில் குங்குமாதி தைலம் என ஒன்று உண்டு. நல்லெண்ணெயை அடியாகக் கொண்டு குங்குமப்பூ முதலியன சேர்த்துக் காய்ச்சப்படுவது, முகத்திற்கே உரியது. ஆயின் அது முகத்திற் படரும் கருமை முதலிய குறைகட்கு மருந்தாக விதிக்கப்பட்டதேயன்றித் தோல்வகைக்கு ஏற்ப வகுக்கப்பட்டதன்று. வாக்படரின் அட்டாங்க இருதயம், சூத்திரத்தானத்து 22ஆம் இயலில், ஆறு பருவங்கட்கும் ஆறு முகப்பூச்சுக்களைக் கூறுகின்றது. முகத்திற்கெனப் பகுத்துரைத்த இடத்தும் பகுப்பின் அடிப்படை பருவமே என்பது இதனாற் போதரும்.

வளிக்கு எண்ணெயும் அழலுக்கு நெய்யும் ஐயத்திற்குத் தேனும் சிறந்தன என்பது சரகர் முதலியோர் துணிபு. இதனை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். நெய்ப்பு மிக்க உடலுக்கு முன்னோர் கூறியது வேறோர் எண்ணெயன்று; எண்ணெயல்லாத ஒன்று. பசை மிக்க முகத்திற்கும் ஓர் எண்ணெய் கட்டாயம் உண்டு என்னும் இன்றைய பட்டியல், தான் சான்றாகக் காட்டும் மரபிற்கே மாறாய் நிற்கின்றது.

முகத்தோலை வறண்டது, இயல்பானது, பசை மிக்கது எனப் பகுத்து அவ்வவற்றிற்குத் தனித்தனிப் பூச்சு விற்கும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு ஒப்பனை வணிகத்தில் வேரூன்றியது. அதனைப் பரப்பியவருள் எலினா ரூபின்சுடைன் முதன்மையாகக் கூறப்படுவார். அப்பகுப்புப் பயனற்றது என்பது எம் கருத்தன்று. அதன் பிறப்பிடம் பொதியமன்று என்பதே யாம் கூறுவது.

மல்லாட்டையின் வருகை

தென்னார்க்காட்டின் வரலாற்றில் எள்ளின் தலைமையை அசைத்தது நிலக்கடலை. தென்னமெரிக்காவிற் பிறந்த அப்பயிரை விழுப்புரம் வட்டாரத்து மக்கள் இன்றும் மல்லாட்டை என்றே வழங்குவர். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டை என மருவி, மல்லாட்டை எனச் சுருங்கியது. பிலிப்பைன் தீவுகளின் மணிலா நகரொடு அப்பயிர்க்கு இருந்த தொடர்பை, ஏடறியா உழவர் நாவே காத்துவைத்துள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மாவட்டத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டு மார்செய் நகர்க்குச் சென்றது. 1879ஆம் ஆண்டு விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைத்த இருப்புப்பாதை அவ்வணிகத்திற்குத் துணையாயிற்று. மார்செய் நகரம் சவர்க்காரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. முன்னர் ஒலிவ எண்ணெயையே பயன்படுத்திய அந்நகரத்தார், அந்நூற்றாண்டில் நிலக்கடலை, எள், கொப்பரை ஆகியவற்றின் எண்ணெய்களையும் சவர்க்காரத்திற்குக் கொண்டனர். இந்நிலத்து வித்து அங்கே சவர்க்காரமாயிற்று; சவர்க்காரம் பின்னர் இந்நிலத்தில் அரப்பையும் சீயக்காயையும் பின்னடையச் செய்தது. அரப்பின் வேலை எண்ணெயைக் களைவது. அரப்பு நீங்கிய இல்லங்களில் எண்ணெய் முழுக்கும் அருகி, ஆண்டிற்கு ஒருநாள் தீபாவளி விடியலோடு அமைவதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இப்பயிர்களுக்குப் புதுவாழ்வு அளித்தது. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2, 1967இல் வெளிவந்த டி.எம்.வி. 7 ஆகிய நிலக்கடலை வகைகளின் பெயரிலுள்ள எழுத்துக்கள் திண்டிவனத்தையே குறிப்பன. டி.எம்.வி. 3 என்னும் எள் வகையும் அந்நிலையத்தின் ஆக்கமே. புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதன் மரூஉ எனக் கருதப்படும் இவ்வூரின் பெயர், இங்ஙனம் எள்ளின் பெயரோடும் கடலையின் பெயரோடும் உழவர் வழக்கில் நிலைத்தது.

ஒப்பீடு

இனி, இவ்வெண்ணெய்களின் இயல்பினை இக்கால அறிவியல் கொண்டு ஒப்பிடுவோம். நல்லெண்ணெயில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறத்தாழ ஒத்த அளவில், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 40 அளவில் உள்ளன. செசாமின், செசாமோலின் முதலிய பொருள்கள் அது விரைவிற் சிக்குப்பிடியாமற் காக்கின்றன. கடலையெண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி. தேங்காயெண்ணெயில் லாரிக் அமிலம் ஏறத்தாழப் பாதி. ஆமணக்கெண்ணெயில் ரிசினோலியிக் அமிலம் நூற்றுக்கு 85க்கும் மேல். அதன் பிசுப்பிற்கு அதுவே காரணம்.

இவ்வேறுபாடு தோலிற் புலப்படும். பருவுடையார் தம் தோற்கொழுப்பில் லினோலியிக் அமிலம் குறைந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒலியிக் அமிலம் மிக்க ஒலிவ எண்ணெய் தோலின் மேலடுக்கைத் தளர்த்துவதையும், லினோலியிக் அமிலம் மிக்க சூரியகாந்தி எண்ணெய் அங்ஙனம் செய்யாமையையும் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. வறண்ட தோலுடைய 34 பேரிடம் பிலிப்பைன் நாட்டில் நிகழ்த்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயை ஒத்த பயன் தந்ததெனக் கூறிற்று. ஆயின் அவ்வெண்ணெயே மயிர்க்கால்களை அடைக்குந் தன்மை மிக்கதென முயற்செவியிற் செய்த சோதனைகள் உரைத்தன. முயலின் செவி மனிதர் முகத்தினும் எளிதில் அடைபடுவது. ஆதலின் அம்முடிபை அளவறிந்து கொள்ளல் வேண்டும். அச்சோதனைகளில் எண்ணெய் பூசி விடப்பட்டதேயன்றிக் களையப்படவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

மல்லாட்டை எண்ணெய் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. புண்பட்ட தோலையுடைய குழவிகட்கு அவ்வெண்ணெய் கலந்த பூச்சு இடுதற்கும், பின்னர்க் கடலை உணவு ஒவ்வாமை தோன்றுதற்கும் தொடர்பு காணப்பட்டமையை 2003இல் இங்கிலாந்து நாட்டு ஆய்வொன்று வெளியிட்டது. வேப்பெண்ணெயும் சிலர் தோலில் எரிச்சல் விளைப்பது. இயற்கையானது என்பதனாலேயே ஒன்று தீதற்றதாகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பழமையும் புதுமையும் இரண்டிடங்களில் ஒத்து நிற்கின்றன. வறட்சிக்கு எண்ணெய் வேண்டும் என்பது ஒன்று. நெய்ப்பு மிக்கார்க்கு அது வேண்டுவதன்று என்பது மற்றொன்று. இவை தவிர, இன்ன முகத்திற்கு இன்ன எண்ணெய் என்னும் நுண்பட்டியலுக்குத் தமிழ் மரபிற் சான்று காண்டற்கில்லை.

முடிபு

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது நம் நாட்டுப் பழமொழி. அது எண்ணெயின் பெருமையை உரைப்பது உண்மையே. ஆயின் அப்பழமொழி வழங்கிய நாளில் வாணியன் விற்றது எண்ணெயை மட்டுமே. இன்று எண்ணெயோடு வரலாறும் விற்கப்படுகின்றது. இல்லாத விதியைச் சித்தர் பெயரால் வழங்குவதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. நம்பிப் பூசியவர் முகம் புண்படின், அவர் பழிப்பது பட்டியல் எழுதினாரையன்று, நூலையே. இது முதற்கேடு. நாளும் பருவமும் வெந்நீரும் அரப்பும் அடங்கிய முழுக்கு என்னும் உண்மையான அறிவு, பொய்ப் பெருமையின் நிழலில் மறைந்தொழிவது இரண்டாவது கேடு.

இவ்வட்டாரத்தில் ஆய்வு மாணவர் செய்தற்குரிய பணி பெரிது. அரப்பிடிக்கும் முறை, ஆமணக்கு விதை கொதிப்பிக்கும் பக்குவம், செக்கின் உறுப்புக்களின் பெயர்கள், எண்ணெய் முழுக்கிற்கு ஆகும் நாளும் ஆகாத நாளும் ஆகியவற்றை அறிந்த முதியோர் செஞ்சி, திண்டிவனம், விக்கிரவாண்டி வட்டங்களில் இன்றும் உளர். ஆடவர்க்குப் புதனும் சனியும், பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எனப் பொதுவாகச் சொல்லப்படும் விதி ஊர்தோறும் எங்ஙனம் வேறுபடுகின்றது என்பதும் தொகுக்கத் தக்கது. அச்சொற்களும் வழக்கங்களும் ஏடேறாதன. அவற்றைத் திரட்டி ஓலைச் சுவடிகளோடும் கல்வெட்டுக்களோடும் ஒப்பிட்டு, உள்ளதை உள்ளவாறு உரைப்பின், மேனியும் காக்கப்படும். நூல்களின் மெய்ம்மையும் காக்கப்படும்.